பிரூஃப் பாத்தாச்சு, எடிட்டிங் எங்க?

ஜனவரி புக் ஃபேருக்குள்ள புக் வந்தே ஆகணும்னு டிசம்பர் ரெண்டாவது வாரம் ஃபைலத் தூக்கிட்டு வர்றவங்க வருஷா வருஷம் இருக்காங்க. எடிட்டிங் எல்லாம் முடிஞ்சுது, லேஅவுட் கூட ஆயிடுச்சு, சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்கன்னு சொல்வாங்க, என்ன எடிட்டிங் நடந்துச்சுன்னு கேட்டா தெரிஞ்சவர் ஒருத்தர் உக்காந்து ஒற்று போட்டுக் குடுத்திருப்பாரு, அவ்ளோதான். அதுக்குப் பேரு பிரூஃப். காசு குடுத்து வாங்குற ஆளு எந்தப் பக்கத்துல கடுப்பாகி புக்க மூடி வைப்பாருன்னு அவருக்கு முன்னாடியே ஒருத்தர் படிச்சு சொல்றதுதான் எடிட்டிங். சொந்தக் காசு போட்டு புக் விக்கிறவங்க பண்ற முக்கால்வாசித் தப்பு இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் ஆரம்பிக்குது.

முதல்ல வரிசை. லேஅவுட் முடிஞ்சப்புறம் எடிட்டிங் பண்ணச் சொல்றது பணத்துக்கும் கேடு, லேஅவுட் பண்றவரோட உயிருக்கும் கேடு. ஒரு ஃபாரத்துக்கு, அதாவது பிரஸ்ல ஒண்ணா அடிச்சு மடிக்கிற தாளுக்கு, 16 பக்கம்னு கணக்கு வச்சு சரியா 160 பக்கத்துல நிறுத்தியிருப்பாங்க, நீங்க ஏழாவது அத்தியாயத்துல ரெண்டு பாராவ நுழைச்சீங்கன்னா அது 163 ஆகும், பொருளடக்கத்துல இருக்குற பக்க எண் எல்லாம் தப்பாகும், அந்த மூணு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டணுமான்னு பிரஸ்ல கேப்பாங்க. அதனால எடிட்டர் என்ன சொன்னாலும் "இப்ப மாத்த முடியாது சார், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்"தான். அடுத்த பதிப்பு வர்றதுக்கு இந்தப் பதிப்பு விக்கணுமே!

எடிட்டர் எதைப் பிடிப்பாருன்னு கேட்டா ஒரு உதாரணம் சொல்றேன். கதை நடக்குறது 1992ல, மதுரைலேர்ந்து பஸ் ஏறின ஹீரோ விடிகாலைல கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல இறங்கி டீ குடிக்கிறான்னு வச்சுக்கோங்க. ஒற்று எல்லாம் கரெக்டா இருக்கும், பிரூஃப் பாக்குறவர் கண்ணுல எதுவும் படாது. ஆனா கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் திறந்ததே 2002ல, அதுக்கு முன்னாடி வெளியூர் பஸ் எல்லாம் பாரிமுனைப் பக்கம்தான். அம்பது வயசுக்கு மேல இருக்குற எந்த சென்னைக்காரரும் அந்த வரில சிரிச்சுடுவாரு, அதுக்கப்புறம் நீங்க எழுதுற சோகம் எதுவும் அவர்கிட்ட எடுபடாது. நாலாவது அத்தியாயத்துல செத்துப்போன பெரியப்பா பதினோராவது அத்தியாயத்துல கல்யாணத்துக்கு மொய் எழுதுறது, ஒரே ஃப்ளாஷ்பேக் ரெண்டு தடவ வர்றது, முதல் முப்பது பக்கத்தையே தூக்கிட்டாலும் கதை நல்லா ஓடுறது, இதெல்லாமும் எடிட்டர் வேலைதான். கடைசியா சொன்னதக் கேட்டா ரைட்டருக்குக் கோவம் வரும். வரட்டும்.

அடுத்தது, சொந்தக்காரங்ககிட்ட குடுக்குறது. "எங்க சித்தப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், வரிக்கு வரி பாத்துட்டாரு." சித்தப்பா சந்தி இலக்கணத்துல புலியா இருப்பாரு, சந்தேகமே இல்ல, ஆனா காசிமேட்டுப் பையன் "இன்னா நைனா, எங்க போற"ன்னு கேக்குறத "என்ன தந்தையே, எங்கே செல்கிறீர்கள்"னு மாத்தி வச்சிருப்பாரு. வடசென்னைக் கதைல எல்லாரும் மேடைல பேசுற மாதிரி பேசினா யாரு படிப்பா? தவிர, சொந்தக்காரங்க எவ்ளோ போரடிச்சாலும் கடைசி வரைக்கும் படிச்சுடுவாங்க, அதுதான் பிரச்சினையே. கடைல வாங்குறவருக்கு அந்தக் கடமை கிடையாது.

சாஃப்ட்வேர வேணாம்னு சொல்லல. வாணி, நாவி மாதிரி தமிழுக்குன்னே பிழைதிருத்தி இருக்கு, எழுத்துப்பிழை, சந்திப்பிழைக்கு நல்லாவே உதவும், ஆனா கோயம்பேடு சமாச்சாரத்த அதுங்க சொல்லாது. இதவிட ஆபத்து, ஒரு வார்த்தைய ஃபைல் முழுக்க ஒரே தட்டுல மாத்துற ரீப்ளேஸ் ஆல். ஹீரோ பேரு ராம்னு இருக்குறத அருண்னு மாத்தலாம்னு ஒரு பட்டனத் தட்டுவாங்க. உடனே 200 கிராம் துவரம்பருப்பு 200 கிஅருண் துவரம்பருப்பு ஆயிடும், இன்ஸ்டாகிராம் இன்ஸ்டாகிஅருண் ஆயிடும். சரி, இதாவது சிரிப்போட போச்சு. 'ராமோட', 'ராமுக்கு', 'ராமை' இதுல எல்லாம் ம் இருக்காது, மோ, மு, மை ஆயிடும், அதனால அதெல்லாம் மாறாம அப்படியே நிக்கும். படிக்கிறவருக்கு ராம் யாரு, அருண் யாரு, இந்தப் பொண்ணு யாரத்தான் லவ் பண்றான்னு ஒண்ணும் புரியாது.

ஃபான்ட் தொல்லை தனி. யூனிகோட்ல டைப் பண்ண மேட்டர லேஅவுட்டுக்காக பழைய ஃபான்டுக்கு மாத்துறவங்க இன்னும் இருக்காங்க, மாத்துறப்போ நடுவுல இருக்குற இங்கிலீஷ் வார்த்தை ஏதோ மந்திரம் மாதிரி ஆகும், ஸ்ரீ காணாம போகும், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிக்கும். எடிட் பண்ணப்போ சுத்தமா இருந்த ஃபைல்ல புதுசா முளைக்கிற தப்பு இது. அதனாலதான் லேஅவுட்டுக்கு அப்புறம் பிரூஃப்னு ஒண்ணு தனியா வேணும், எடிட்டிங் நடந்துடுச்சேன்னு அத விட்டுடாதீங்க.

"நான் பிரிண்ட்லாம் போடல, கிண்டில்தான், தப்பு இருந்தா அப்புறம் மாத்திக்கலாம்"னு சிலர். ஃபைல மாத்தலாம், போட்ட ரிவ்யூவ எப்படி மாத்துவீங்க? கிண்டில்ல புக்கோட ஆரம்பத்துல சுமார் 10 சதவீதம் சாம்பிளா ஃப்ரீயாப் படிக்கலாம், நந்தனம் புக் ஃபேர் ஸ்டால்ல நின்னு புரட்டுறவங்க மாதிரியே இங்கயும் புரட்டிட்டுத்தான் வாங்குவாங்க. சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடட்ல போட்டிருந்தா இன்னும் நேரடி அடி, ஏன்னா அதுல எத்தனை பக்கம் படிச்சாங்களோ அத்தனைக்குத்தான் பணம். இழுவைய வெட்டாம விட்டீங்கன்னா இருபதாவது பக்கத்துல அவங்க கிளம்புறப்போ உங்க வரும்படியும் கூடவே கிளம்பிடும்.

எடிட்டரத் தேடுறப்போ ரேட்ட மட்டும் விசாரிக்காதீங்க. பத்து பக்கம் குடுத்து சாம்பிள் எடிட் கேளுங்க, அதுக்கும் காசு குடுத்துடுங்க, ஓசில கேட்டா ஓசி மாதிரிதான் வரும். சமையல் புக் பாக்குறவர் நாவலையும் நல்லாப் பாப்பாருன்னு இல்ல. சென்னைல க்ரியா மாதிரி எடிட்டிங்குக்கே பேர் வாங்கின பதிப்பகம் 1974லயே வந்துடுச்சு, அதனால இங்க ஆள் இல்லன்னு சொல்லாதீங்க, ஆனா நல்ல ஆளு டிசம்பர்ல ஃப்ரீயா இருக்க மாட்டாங்க, ஜூன், ஜூலைல பேசிடுங்க. அவங்க ட்ராக் சேஞ்சஸ்ல, அதாவது மாத்தினது எல்லாம் தெரியுற மாதிரி குறிச்சு, அனுப்புறத பாக்காம அக்செப்ட் ஆல் குடுத்து மொத்தமா ஏத்துக்கிறதும் தப்பு, ஒவ்வொண்ணா பாருங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, உங்க புக்கு.

அப்புறம் பின்னட்டை. மேட்டர் முழுக்க எடிட்டர் பாத்திருப்பாரு, அட்டை மட்டும் டிசைனர்கிட்ட இருக்கும், பின்னட்டை வாசகத்த நீங்க வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா சொல்லியிருப்பீங்க, அவர் ராத்திரி பதினோரு மணிக்கு அதக் கேட்டு டைப் பண்ணியிருப்பாரு. கைல எடுக்குறவங்க அட்டையப் பாத்ததும் அடுத்து திருப்புறது அங்கதான். அந்த நாலு வரி, முதுகுல இருக்குற பேரு, விலை, ஐஎஸ்பிஎன், எல்லாத்தையும் பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி எடிட்டருக்கும் அனுப்பி வைங்க.