ஜெர்மன் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆயில் வாங்கும்போது பலரும் 5டபிள்யூ-30 என்பதை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அது ஆயிலின் பிசுபிசுப்பை மட்டும்தான் சொல்லும். ஜெர்மன் கார்களுக்கு முக்கியம், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அங்கீகார எண். மெர்சிடிஸ் என்றால் எம்பி 229.51, பிஎம்டபிள்யூ என்றால் லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன், ஆடி என்றால் 504 00 / 507 00 என்பது போல இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு எது என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரே மாடலில்கூட பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாறலாம். டீசல் காரில் புகை வடிகட்டி இருந்தால் இது இன்னும் முக்கியம். சாம்பல் அதிகம் விடும் ஆயில் அதை மெல்ல மெல்ல அடைத்துவிடும், மாற்றுவதோ பெரிய செலவு.

இன்னொன்று: 'இந்தத் தரத்துக்கு ஏற்றது' என்று ஆயில் கம்பெனி தானே போட்டுக்கொள்வது வேறு, கார் கம்பெனி சோதித்து அங்கீகாரம் தந்தது வேறு. இரண்டாவதையே வாங்குங்கள்.

அப்புறம் பேட்டரி. பல பிஎம்டபிள்யூ, ஆடி கார்களில் புது பேட்டரி போட்டால் மட்டும் போதாது, ஸ்கேனர் வைத்து காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கார் அதைப் பழைய, தளர்ந்த பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் ஏற்றும். புதியதன் ஆயுள் குறையும். பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன், 'பதிந்து தருவீர்களா?' என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.