கருவாட்டுக் கடைக்கு ஒரு தொலைதூர உதவியாளர்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கருவாடு விற்கிறோம். காயப்போட்ட மீனைப் புரட்டும் கையால் வாட்ஸ்அப்பில் "நெத்திலி என்ன விலை?" என்பவருக்குப் பதில் போட முடியாது. மாலையில் பார்த்தால் அவர் வேறிடத்தில் வாங்கியிருப்பார்.

முன்பு ஒரு நிறுவனம் எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. நெத்திலிக்கு அவர்கள் போட்ட படம், செக்கச்செவேலென்று நார்வே சால்மன்! மன்னார் வளைகுடாவில் அதை யார் வலைபோட்டுப் பிடித்தார்களோ!

இப்போது மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தங்கைக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன். கடவுச்சொல் என்னிடமே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவியில் பதிவிடவும் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி. வாட்ஸ்அப் பிசினஸை அவருடைய கணினியில் இணைத்திருக்கிறோம்; வேண்டாமென்றால் என் கைபேசியிலிருந்தே துண்டித்துவிடலாம். "உப்பு கூடுதலா?", "கூரியரில் வாடை வருமா?" என்ற ஓயாத கேள்விகளுக்கு விரைவுப் பதில்களை எழுதிவைத்தார்.

"அண்ணே, காரல் எது, சாளை எது?" என்று தொடக்கத்தில் கேட்டார். வீடியோ அழைப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்: தட்டையானது காரல், நீண்டது சாளை. படங்களை நான்தான் எடுக்கிறேன், காயும் களத்திலேயே. காலையில் கையிருப்பைக் குரல்பதிவாக அனுப்புகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அதற்கான படங்களை மார்ச்சிலேயே அனுப்பிவிடுகிறேன். மொத்த வியாபாரப் பேரத்தை மட்டும் யாரிடமும் விடுவதில்லை.