பழைய கார் வாங்கினால் இன்சூரன்ஸும் கூடவே வந்துவிடாது

"இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு, கவலையே படாதீங்க." பழைய கார் விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். என் சித்தி மகனும் நம்பினான். கார் வாங்கிய மூன்றாவது வாரம், ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தான். பம்பர் உடைந்து, டிக்கிக் கதவு உள்ளே போய்விட்டது. ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றிதழில்) அவன் பெயர், பாலிசியில் பழைய ஓனர் பெயர். க்ளெய்ம் கிடைக்கவில்லை. ரிப்பேர் செலவு முழுக்க அவன் கைக்காசு.

அந்தப் பாலிசி செல்லாத பாலிசி இல்லை. அதில்தான் குழப்பமே. மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவுப்படி, கார் கைமாறிய அன்றே இன்சூரன்ஸும் வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் அது மூன்றாம் நபருக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். புது ஆர்.சி. வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தான அன்றே நகலோடு போய் நில்லுங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும் இந்தத் தள்ளுபடி காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பாலிசியை மாற்றும்போது, பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது 'போனஸ் உண்டு' என்று டிக் அடித்துவிட்டால் பிரீமியம் குறையும்தான். க்ளெய்ம் வரும்போது பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள், அப்போது சிக்கல்.

இதையே உங்கள் முதல் காரை விற்கும்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான்கு வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 45 சதவீதத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். விற்றதும் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் வாங்குங்கள். மூன்று வருடம் வரை செல்லும், புதுக் காரில் காட்டலாம். சொந்தச் சேதப் பிரீமியம் (நம் வண்டிச் சேதத்துக்கான பங்கு) 12,000 ரூபாய் என்றால் 5,400 ரூபாய் மிச்சம். அதைவிட முக்கியம், ஆர்.சி. பெயர் மாறியதா என்று பார்ப்பது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற காருக்காக நீங்கள் கோர்ட் ஏற வேண்டாம்.

இன்னும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) தான் இருக்கிறதா? லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பாலிசியில் அது நிபந்தனை.

பெயர் மாற்றிய பாலிசி கைக்கு வந்ததும் அப்படியே டேஷ்போர்டில் போட்டுவிடாதீர்கள். பெயர், வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் நான்கையும் ஆர்.சி.யோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.