அழுகையை நிறுத்தும் புத்தகத்தைத் தேடாதீர்கள்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்து வருகிறேன், ஒன்பது வருடமாகிறது. போன மாதம் புதிதாக உதவிக்கு வந்த தங்கச்சி ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கி வந்து, "அக்கா, இது கோபத்துக்கு, இது பயத்துக்கு, இது பொறாமைக்கு" என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கினாள். எனக்குப் பகீரென்றது. முதல் வருடம் நானும் அப்படித்தான் அடுக்கினேன், அதனால் ஒரு பையன் பட்ட பாடு இன்னும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிள்ளைகளின் உணர்ச்சிக்கென்று புத்தகம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சின்ன எழுத்து, மங்கலான படம் எல்லாம் கடையில் புரட்டும்போதே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் சரியாகிவிடும் கதை

அவன் ஒன்றாம் ஆண்டுப் பையன். அப்பா தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர். அம்மாவுக்குச் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை, விடியுமுன்னே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பாட்டிதான் பையனைப் பள்ளியில் விடுவார். தினமும் வாசலில் அழுகிறான், ஏதாவது நல்ல புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்று அம்மா வந்து கேட்டார். அப்போது என்னிடம் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய பன்னிரண்டு புத்தகம் இருந்தது, உணர்ச்சிக்கு ஒன்று என்ற கணக்கில். அதில் 'பயம்' என்று போட்டிருந்ததை எடுத்தேன். பள்ளிக்குப் போகப் பயப்படும் முயல்குட்டி, நடுவில் ஒரு நண்பன், கடைசிப் பக்கத்தில் "இனி நான் அழவே மாட்டேன்" என்று ஒரு துள்ளல். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "இது உனக்குத்தான் கண்ணு" என்று அவன் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரமே வாசலில் அழுகை நின்றுவிட்டது. அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு ஒரே பெருமை. ஒரு மாதம் கழித்துப் பாட்டியைக் கடையில் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது: பையனுக்குத் தினமும் காலையில் வயிற்று வலி, இரண்டு தடவை கிளினிக்குக்குத் தூக்கிப் போயும் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போனபின் நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்: "முயலுக்கு ஒரே நாள்ல சரியாயிடுச்சு அக்கா. எனக்குத்தான் ஆகல."

பிள்ளை அழுகையை விழுங்கியிருக்கிறான். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறான். அப்படி நினைக்க வைத்தது நான் கொடுத்த புத்தகம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பயமே கிடையாது, அங்கே நண்பர்கள்கூட இருந்தார்கள். கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இல்லை, அதுதான் விஷயம், பள்ளி வாசலில் அது வெளியே வந்தது. இதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது, ஏக்கம். "பிள்ளை ஏங்கிப் போயிட்டான்" என்று அவன் பாட்டி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் முதலிலேயே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த முயலைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அதனால் இப்போது எந்தப் புத்தகத்தையும் கடைசி இரண்டு பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். உணர்ச்சி சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தால், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன். நாளைக்கும் அம்மா வேலைக்குப் போவார், நாளைக்கும் கொஞ்சம் வலிக்கும், ஆனால் சாயந்திரம் வந்துவிடுவார், அதுவரை பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது, கதை இப்படி முடிந்தால் நம்பி வாங்கலாம். அப்புறம் யார் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தாத்தாவோ ஆந்தையோ வந்து அரைப்பக்கம் புத்தி சொல்லி முடித்துவைத்தால் அது பிள்ளையின் கதை ஆகாது.

அந்தப் பையனுக்கு நான் வேறு புத்தகம் தேடவில்லை. நாலு வெள்ளைத் தாளை மடித்துத் தைத்துக் கொடுத்தேன், அவனே வரைந்தான். இருட்டில் பஸ், ஜன்னலில் அம்மா, தலையணைக்குக் கீழே அம்மாவின் பழைய சட்டை, கடைசியில் மறுபடியும் பஸ். பள்ளி வாசலில் திரும்பவும் கொஞ்ச நாள் அழுதான். வயிற்று வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

விலங்குக் கதையே போதும் என்று இருந்துவிடுவது

பகிர்ந்துகொள்வதைப் பற்றி டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளிவந்தது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதர்கள் வரும் கதையையும், சிலருக்கு அதே கதையை விலங்குகளை வைத்தும் வாசித்துக் காட்டினார்கள். மனிதர் கதை கேட்டவர்கள்தான் பிறகு தங்களிடம் இருந்ததை அதிகமாகப் பகிர்ந்தார்கள். விலங்கை நம்மைப் போல நினைக்காத பிள்ளைக்கு அந்தக் கதை தன்னுடையதாகப் படுவதில்லை. ஆனால் படுக்கையை நனைப்பது மாதிரி வெட்கப்படும் விஷயத்துக்கு நான் இன்னமும் விலங்குக் கதைதான் எடுப்பேன், அங்கே அந்தத் தூரம் உதவுகிறது.

அட்டையில் போட்ட வயது

அதை நம்பாதீர்கள்.

வீட்டில் வாசிக்க முடியாத மொழி

இங்கே பேரங்காடியில் படம் அழகாக இருக்கிறதே என்று ஆங்கிலப் புத்தகமாக வாங்கிவிடுகிறோம். சாயந்திரம் பிள்ளையோடு இருப்பது பாட்டி, அவருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். மனத்தைத் தொடுகிற கதையை மடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தனியாகப் படம் பார்த்துப் பயனில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் படக்கதைகள் போடுகிறது, பாட்டி தமிழையும் அக்கா ஆங்கிலத்தையும் வாசிக்கலாம்.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?"

கேட்காதீர்கள்.

அழுகிற நேரத்தில் புத்தகத்தை நீட்டுவது

கத்திப் புரண்டு அழும் பிள்ளைக்குக் காது கேட்காது. அப்போது தண்ணீர் கொடுங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சும்மா பக்கத்தில் இருங்கள். தம்பி பிறந்த பொறாமை பற்றிய கதையை, தம்பி தூங்குகிற, எல்லோரும் சாப்பிட்டு முடித்த ஒரு நல்ல சாயந்திரத்தில் எடுங்கள், நாலைந்து வேறு கதைகளுக்கு நடுவில் ஒன்றாக. அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், இன்னும் ஏதோ அதில் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். வேண்டாம் என்று மூடிவிட்டால் விடுங்கள்.

சீட்டு ஒட்டுவது

பிள்ளை 'கோபம்' என்ற சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குகிறான். அந்தத் தங்கச்சியும் நானும் போன சனிக்கிழமை மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து சீட்டையெல்லாம் உரித்தோம். இருபது புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்ததில் ஏழு தேறின, அவற்றை மாட்டுவண்டிக் கதைக்கும் பேய்க் கதைக்கும் நடுவில் கலந்து வைத்திருக்கிறோம்.