குழந்தைக்கு முதல் உணவு: வீட்டு மசியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகப் போகிறது என்றால் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி ஒரு டப்பா எப்படியும் வந்து சேர்ந்துவிடும். அம்மா வீட்டிலிருந்து ஒன்று, சித்தி கொடுத்துவிட்டது இன்னொன்று. கூடவே மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு, கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு, பனங்கற்கண்டு. எல்லாம் நல்ல பொருட்கள்தான், கடை டப்பாவைவிட நம்பி வாங்கலாம். ஆனால் வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். அத்தனையும் மாவும் இனிப்பும். பயறு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. நம் ஊரில் பிள்ளைகளின் முதல் உணவில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். மசிப்பதில் யாரும் தவறுவதில்லை, எதை மசிக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

முதலில் நேரத்தைப் பேசிவிடலாம். நாலாம் மாதமே “பிள்ளை நாம சாப்பிடுறதப் பாத்து வாயசைக்குது” என்று கஞ்சி காய்ச்சத் தொடங்குவது ஒரு தவறு. எட்டாம் மாதம் வரை பாலிலேயே ஓட்டுவது இன்னொரு தவறு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆறு மாதம் நிறைந்ததும், அதாவது 180 நாள் முடிந்ததும். தலை ஆடாமல் நிற்க வேண்டும், தாங்கிப் பிடித்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். கோயிலில் சோறூட்டுக்கு ஐந்தாம் மாதம் நாள் குறித்திருந்தால் நாக்கில் ஒரு பருக்கை தொட்டு வைப்பது சடங்கு, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மூன்று வேளைச் சோறு என்று அர்த்தமில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கஞ்சித்தண்ணி, பருப்புத்தண்ணி, காய் வேகவைத்த தண்ணி. “சத்தெல்லாம் அதுலதான் இறங்கியிருக்கு” என்று இதைக் கொடுக்காத வீடு குறைவு. பருப்பின் புரதம் பருப்பில்தான் இருக்கிறது, தண்ணீரில் இறங்குவது சொற்பம். ஏழு கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு நேரத்தில் 200 மில்லிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அந்தச் சின்ன இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பால் குடிக்கவும் இடம் இருக்காது. தாய்ப்பாலிலேயே 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி உண்டு. நீர்த்த கஞ்சி அதற்குப் பக்கத்தில்கூட வராது. பாலைவிடச் சத்துக் குறைந்த ஒன்றைக் கொடுத்துப் பாலைக் குறைத்தால் பிள்ளை மெலியத்தானே செய்யும்?

பதம் சரியா என்று பார்க்க எளிய வழி: கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் விழுங்கச் சிரமப்படும் என்று பயமா? கேழ்வரகையோ சிறுபயறையோ முளைகட்டி உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் அதில் அரைக் கரண்டி கலந்தால், சில நிமிடங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே இளகிவிடும். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் நடக்கிற வேலை இது. இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் 40 கலோரி கூடுதல். எண்ணெய்க்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்!

இனி ஏத்தங்காய்ப் பொடிக்கு வருகிறேன். இதைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுப்பதுதான் பிரச்சினை. பிள்ளை கொழுகொழுவென்று ஆகும், எடை ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே ரத்தசோகை இருந்தால் வெளியே தெரியாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதன் பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சாப்பாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தக் கணக்கில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஏத்தம்பழம் அவித்துக் கொடுப்பவர்கள், பழத்தை நீளவாக்கில் பிளந்து நடுவில் ஓடும் கறுப்பு விதை நரம்பைக் கரண்டி முனையால் வழித்து எடுத்துவிடுங்கள். பிள்ளை துப்புவது பெரும்பாலும் அதைத்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிக்கு இந்த வேலையெல்லாம் இல்லை, தோல் நன்றாகப் பழுத்தால் விரலாலேயே மசிந்துவிடும். ஆனால் பழம் பழம்தான். ஒரு வேளை அது என்றால் மறு வேளை குழைய வேகவைத்த சோறும் சிறுபயறும் மசித்தது, இன்னொரு வேளை முட்டை அல்லது மீன் என்று மாறி வர வேண்டும். பயறு கொடுக்கும் வேளையில் கொய்யாவோ பப்பாளியோ இரண்டு கரண்டி சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கோழி ஈரல் வாரம் ஒரு முறை, ஒரு சின்னத் துண்டு போதும். வேகவைத்து மசித்தால் சோற்றோடு கலந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியர் வாரம் இரு முறை கொடுக்கச் சொல்லித் தரும் இரும்புச்சத்து சிரப்பை “வயித்தால போகுது” என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இதே கதைதான். பெரியவர்களுக்கு அது மீன் குழம்போடு வருகிறது, அதனால் சரியாகிவிடுகிறது. பிள்ளைக்கு வெறும் கிழங்கை மசித்துக் கொடுத்தால் புரதம் என்று சொல்ல எதுவுமே இல்லை. கொடுப்பதானால் தோலை நன்றாகச் சீவி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மீனோடு சேர்த்துக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மீன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குளச்சல், தேங்காப்பட்டணம், முட்டம் என்று கரை முழுக்க மீன் இறங்குகிற மாவட்டத்தில், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை மீன் காட்டாத வீடுகள் இருக்கின்றன. “மக்களே, மீன் குடுத்தா சொறி வரும்” என்பார்கள் பாட்டிமார். மீன், முட்டை, நிலக்கடலை இவற்றைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. அந்தக் கருத்து இப்போது மாறிவிட்டது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே நிலக்கடலையைத் தவறாமல் கொடுத்து வந்தபோது, ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. கடலையை முழுசாகக் கொடுப்பதல்ல, விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலப்பது. முட்டையும் அப்படித்தான்: மஞ்சள், வெள்ளை இரண்டும், முழுதாக வேகவைத்து. புதிதாக ஒன்றைக் கொடுக்கும் நாளில் காலை வேளையில், கொஞ்சமாக, அது ஒன்றை மட்டும் புதிதாகக் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று தெரியும். ஏற்கெனவே கடுமையான கரப்பான் (தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மீனில் நடக்கும் பெரிய தவறு மிக்ஸிதான். முள்ளைச் சரியாகப் பார்க்காமல் ஜாரில் போட்டு அரைத்தால் முள் காணாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாத சின்னத் துண்டுகளாக உடைந்து மசியலுக்குள் ஒளிந்துகொள்கிறது. அயிலை (கானாங்கெளுத்தி) ஒன்றை எடுத்து, மிளகாய் சேர்க்காமல் மஞ்சள் மட்டும் போட்டு வேகவையுங்கள். வால் பக்கத்திலிருந்து நடுமுள்ளைத் தூக்கினால் மொத்தமாக வந்துவிடும். வயிற்றுப் பக்கம் சின்ன முள் அதிகம், அதைப் பெரியவர்கள் சாப்பிடட்டும். முதுகுச் சதையை மட்டும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிப் பாருங்கள். விரலில் எதுவும் குத்தவில்லை என்றால் சோற்றோடு பிசையலாம். சாளை (மத்தி), நெத்திலி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. சுறா போன்ற பெரிய மீன்கள் தாய்க்குப் பால் சுரக்க என்று வீட்டுக்கு வந்தாலும், பிள்ளையின் கிண்ணத்துக்கு வேண்டாம். கருவாடு உப்பு, அதுவும் வேண்டாம்.

உப்பும் இனிப்பும் சேர்க்காவிட்டால் பிள்ளை சாப்பிடாது என்று நினைப்பது நம் நாக்கு. ஒரு வயது வரை உப்பு தேவையில்லை. இரண்டு வயது வரை சர்க்கரை வேண்டாம் என்கிறார்கள். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் இதில் அடக்கம், பனையிலிருந்து வந்தது என்பதால் அவற்றுக்குத் தனிச் சலுகை கிடையாது. அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவில் ஏற்கெனவே வெல்லம் உண்டு, அதில் மேலும் இனிப்புச் சேர்க்காதீர்கள். அந்த மாவில் வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்துத்தான் தருகிறார்கள். சில வீடுகளில் அது கோழிக்குப் போவதைப் பார்க்கும்போது கோழியைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது.

தேன் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சரி, சொந்தப் பெட்டியில் எடுத்ததாக இருந்தாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பு துவண்டு மூச்சுத் திணறும் வரை போகலாம். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. நாக்கில் தொட்டு வைப்பதும் கொடுப்பதுதான்.

சாயாவில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவதைப் பற்றி ஒரு வரி: சாயா இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது, பிஸ்கட் சர்க்கரை. பசும்பாலைக் கஞ்சியில் கொஞ்சம் சேர்க்கலாம். தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளர் டம்ளராகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான். பழத்தைப் பிழிந்து சாறாகக் கொடுக்காமல் மசித்தே கொடுங்கள்.

பத்தாம் மாதத்திலும் எல்லாவற்றையும் வழவழவென்று அரைத்துக் கொண்டிருப்பது அதிகம் பேசப்படாத தவறு. ஏழு மாதத்தில் கரண்டியால் மசித்த திப்பித்திப்பியான உணவு, எட்டு மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும் மென்மையான துண்டு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்று நகர வேண்டும். ஒன்பது மாதம் தாண்டியும் திப்பி காட்டாத பிள்ளைகள் பின்னாளில் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஈறு நன்றாகவே நசுக்கும். முதன்முதலில் திப்பி கொடுக்கும்போது பிள்ளை ஓக்காளிக்கும், முகம் சிவக்கும், இருமும். சத்தம் வருகிறது என்றால் பிள்ளை தானாகவே சரிசெய்துகொள்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் திணறினால்தான் ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விடக் கூடாது. ஊட்டத் தொடங்கும் முன்பே இந்த முதலுதவியை வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

காலை நீட்டி, அதில் பிள்ளையைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போக இதைவிட எளிய வழி இல்லை. உட்கார வைத்து ஊட்டுங்கள். வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. தொடக்கத்தில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஒன்பது மாதத்தில் மூன்று நான்கு வேளை ஆகட்டும். போனில் பாட்டுப் போட்டால் கிண்ணம் காலியாகும் என்பது உண்மைதான். பசி அடங்கியதைப் பிள்ளை கவனிக்காமல் போவதும் அதே பாட்டினால்தான்.

அரைத்ததை எடுத்து வைப்பதில் கவனம் தேவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த மசியலைக் கொட்டிவிடுங்கள். பிள்ளையின் கரண்டி பட்ட மிச்சத்தை மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. மொத்தமாகச் செய்கிறவர்கள் செய்தவுடன் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வையுங்கள், மீனும் இறைச்சியும் ஒரு நாள், காய் இரண்டு நாள். சூடாக்குவது ஒரே ஒரு முறை, ஆவி பறக்கும் வரை. கரண்ட் போய்ப் பல மணி நேரம் கழித்து வந்த நாளில் அதைக் கொட்ட மனசு வராது, இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மிக்ஸி ஜாரின் வாஷரைக் கழற்றிப் பார்த்தால் நேற்றைய தேங்காய் அங்கே இருக்கும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள்.

வீட்டு மரத்தில் காய்க்கிற இரண்டு பொருட்கள் மிச்சம் இருக்கின்றன. பிள்ளை தூங்கட்டும் என்று கல்லில் ஜாதிக்காயை உரசிக் கஞ்சியில் கலப்பது: அளவு கூடினால் அது நஞ்சு, கையால் உரசுவதில் அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. அடுத்தது ரம்புட்டான். சீசனில் அண்ணன் அக்காமார் உரித்துத் தின்னும்போது பாசத்தோடு ஒன்றைத் தம்பி வாயிலும் வைத்துவிடுவார்கள். வழுக்கும் சதை, உள்ளே விதை, தொண்டையை அப்படியே அடைத்துவிடும் அளவு. பெரிய பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் விதையை நீக்கி, சதையை நன்றாக மசித்துக் கரண்டியில் கொடுக்கலாம்.