மிதவைக்கு முன் கடலடியைப் பாருங்கள்

கடல் பூங்காவின் எல்லையில் மிதவை போட வருகிறவர்கள் பெரும்பாலும் மிதவையின் விலைப்பட்டியலில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். அடியில் இருப்பது மணலா, சேறா, கடற்புல்லா, பாறையா என்று முங்கிப் பார்க்காமல் நங்கூரத்தை முடிவு செய்தால், காக்க வந்த இடத்தை நாமே கெடுப்போம்.

கான்கிரீட் கட்டையும் நீளச் சங்கிலியும் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மிதவை சுற்றச் சுற்ற, தரையில் புரளும் சங்கிலி புல்லை வேரோடு அரைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் ராட்நெஸ்ட் தீவில் கடற்புல் வட்ட வட்டமாக வழுக்கையானது இப்படித்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டியும் புல்லும் பவளமும் இருப்பதால் அங்கே சங்கிலியைக் கிடத்தவே கூடாது. மணலிலும் புல்தரையிலும் திருகு நங்கூரம் இறக்கி, கயிற்றின் நடுவில் சிறு மிதவை கட்டித் தரையில் படாமல் நிறுத்தலாம். பாறைக்கு வழி வேறு. ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் 1980களின் தொடக்கத்தில் ஜான் ஹாலஸ் என்ற உயிரியலாளர், பாறையில் துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கொண்டியைச் சிமென்ட்டால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். உயிருள்ள பவளத்தில் துளை போடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கட்டைதான் போடுவேன் என்பவர்கள் கரையில் நிறுத்துப் பார்த்த எடையை நம்புகிறார்கள். 1,000 கிலோ கான்கிரீட் கடல்நீருக்குள் சுமார் 570 கிலோதான்.

பொருள்களில் அடிக்கடி சறுக்குவது உலோகக் கலப்பு. துருப்பிடிக்காத எஃகுக் கொண்டியில் துத்தநாகம் பூசிய ஷேக்கிளை (ஆணி போட்டு மூடும் U வடிவ இணைப்பு வளையம்) மாட்டினால், உப்புநீரில் ஷேக்கிள் வேகமாக அரித்துப்போகும். ஒரே உலோகமாக வாங்குங்கள், துருப்பிடிக்காத எஃகில் 304 என்ற ரகம் வேண்டாம், 316 கேளுங்கள். ஷேக்கிள் ஆணியைக் கம்பியால் கட்டாவிட்டால் அலையே கழற்றிவிடும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். தளர்ந்தால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். மிதவை, வெயில் தாங்கும் பாலிஎத்திலீனாக, உள்ளே நுரை நிரப்பியதாக இருக்கட்டும். வெறும் கூடு ஓட்டை விழுந்தால் மூழ்கிவிடும். கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டி எடை ஏறும் என்பதையும் மிதப்புக் கணக்கில் சேருங்கள்.

எல்லை மிதவையில் படகு கட்டத்தான் செய்வார்கள். 'கட்டக் கூடாது' என்ற எழுத்தை நம்பி மெல்லிய கயிறு போட வேண்டாம். பக்கத்திலேயே படகு கட்டத் தனி மிதவை போடுங்கள். எல்லைக்கு மஞ்சள், படகு கட்ட ஃப்ளோரிடாவில் உள்ளதுபோல் வெள்ளையில் நீலப்பட்டை என்று நிறம் பிரித்தால் தூரத்திலிருந்தே தெரியும்.