எடைத் தராசு காட்டாத கணக்கு: தசையைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களின் விழுக்காடே முன்னால் நின்றது. காரணம் கேட்டால் பெரும்பாலோர் சீனியைச் சொல்வார்கள், சிலர் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். தசையைச் சொல்பவர் அரிது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

உணவுக்குப் பின் இன்சுலின் சுரக்கும்போது, இரத்தத்தைவிட்டு வெளியேறும் சர்க்கரையின் பெரும்பங்கைத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன. இன்சுலினைச் சீராக உடலில் ஏற்றி அளந்த ஆய்வுகளில் அந்தப் பங்கு 80 விழுக்காட்டை எட்டியது. வாங்கிய சர்க்கரையைத் தசை கிளைக்கோஜனாக மாற்றி வைக்கும். ஒரு பெரியவரின் தசைகள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு இடம் இருக்கும். கல்லீரல் தன் இருப்பை இரத்தத்துக்குத் திருப்பித் தரும், தசையால் அது இயலாது. அதற்குரிய நொதி தசையில் இல்லை. எனவே, தொடைத் தசையில் சேர்ந்ததைத் தொடைதான் உழைத்துச் செலவழிக்க வேண்டும். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்கு டின் பால் ஊற்றிய தே தாரேக், நண்பகலில் தட்டு நிறையச் சோறு என்று உண்டுவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஜாகா (காவலாளி) வேலையில் நாற்காலியை விட்டு எழாதவரின் தசையில் இடம் எங்கிருந்து வரும்? மிஞ்சியது இரத்தத்தில் தேங்குகிறது. ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாகிறது.

ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. “நான் ஒரு நாளைக்கு நானூறு மரம் வெட்டுனவன் லா, எனக்கு எதுக்குத் தம்பி எக்சர்சைஸ்?” என்று கேட்கும் பெரியவர்களை எந்த ஒட்டுக்கடையிலும் காணலாம். விடியுமுன் பிரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) போய், மேடும் பள்ளமுமான நிரையில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவிப் பால் எடுத்து, நிரம்பிய பால் வாளியைச் சுமந்த கால்கள் அவருடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் காலத்தில் போட்டு வைத்ததை ஐம்பத்தைந்து வயதில் எடுத்துக்கொள்ளத் தசை ஒன்றும் ஊழியர் சேமநிதி அல்ல. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான இளைஞர்களை 1,500 காலடி அளவோடு நிறுத்தி டென்மார்க்கில் ஆராய்ந்தபோது, இரண்டே வாரங்களில் அவர்களுடைய இன்சுலின் திறனும் (இன்சுலினின் கட்டளைக்கு உடல் இணங்கும் திறன்) மூச்சுத் தாங்கும் ஆற்றலும் கால் தசையும் குறைந்துவிட்டன. இளைஞர்களுக்கே இரண்டு வாரம் என்றால், தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

சற்று நடந்தாலே இரைக்கிறது என்றால் நெஞ்சை மட்டும் சந்தேகிப்பதும் போதாது. நெஞ்சைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்; எனினும் களைப்புக்குக் காரணம் பல வேளைகளில் தசை உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கும். ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரிப்பவை மைட்டோகாண்டிரியாக்கள். 1967இல் ஜான் ஹோலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர், எலிகளை ஓடு பட்டையில் பல வாரங்கள் ஓடவிட்டு, அவற்றின் தசையில் இந்த எரிக்கும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதைக் காட்டினார். பழகிய தசை கொழுப்பை அதிகமாக எரித்துக் கிளைக்கோஜனைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. அதனால் நெடுநேரம் தாங்குகிறது. பழகாத தசையோ சற்று விரைந்தாலே சர்க்கரையை அள்ளிக் கொட்டிச் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. கொழுப்பு சேரும் ஆனால் எரியாது என்ற நிலையில், அதன் சில துணைப்பொருள்கள் தசைக்குள் தங்கி இன்சுலினின் கட்டளையையே மழுக்குகின்றன. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய இருக்கிறது. அவர்கள் அதை நாள்தோறும் எரித்துப் புதுப்பிப்பதால் கேடு விளைவதில்லை. ஆகவே கொழுப்பு இருக்கிறதா என்பதைவிட, அது புழங்குகிறதா என்று கேட்பதே சரி.

வாரம் முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சால் திடலில் உயிரைக் கொடுத்து விளையாடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். மறுநாள் கால் வலித்தால், “லாக்டிக் அமிலம் தங்கிடுச்சு” என்பார்கள். அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவமான லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. அந்த வலி, பழகாத தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. தசை சுருங்கும்போது இன்சுலினின் துணையின்றியே சர்க்கரையை உள்ளே இழுக்கும் கதவுகள் திறக்கின்றன. இப்படி உழைத்ததால் கூடிய இன்சுலின் திறன் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீடிக்கும். ஞாயிறு விளையாடியதன் பயன் புதன்கிழமை வரை வராது. உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பவர் அவரைவிடப் புத்திசாலி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியையும் கேட்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதும் அந்தப் பயிற்சியில் சேரும்.

சோற்றை அடியோடு நிறுத்தி எடையைக் குறைப்பவர்கள், குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு என்பதை அறிவதில்லை. பயிற்சியும் போதிய புரதமும் இல்லாவிட்டால் சர்க்கரைக்கு இடம் தரும் தசையையே கரைத்துவிட்டுத் தராசைப் பார்த்து மகிழ்வதாக முடியும். மறுபக்கம், தசை கூடினால் தூங்கும்போதே கொழுப்பு கரையும் என்பது ஜிம் விளம்பரம்; ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். ஒல்லியாக இருப்பதால் தப்பித்தோம் என்பதும் நம்மவர்க்குப் பொருந்தாது. தெற்காசியர் உடலில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் மலேசிய மருத்துவ வழிகாட்டி உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே அதிக எடை என்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அரை மணி நேரம் நடந்துவிட்டு ஐசோடோனிக் பானத்தை வாங்கிக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நடைக்குத் தண்ணீர் போதும்.

மருந்து உட்கொள்வோர் செய்யும் தவறுதான் உடனடி ஆபத்தைத் தருவது. இன்சுலின் போடுபவர்களும் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்கிளசைட் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால், தசையும் மருந்தும் சேர்ந்து சர்க்கரையை இழுத்து, கை நடுங்கி வியர்த்து மயங்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். பயிற்சி தொடங்குவதைக் கிளினிக்கில் மிஸ்ஸியிடமோ (தாதியிடமோ) டாக்டரிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தளவை மாற்ற நேரலாம். சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்காமல் மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தின் அடியைப் பார்த்துவிட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகும் என்று எண்ணாமல் 999ஐ அழைக்க வேண்டும்.